மெசோன் இக்கோகு ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கிறது?

“தனக்கென்று ஓர் இடம் தேடுபவர்களைப் பற்றிய பழைய காதல் மங்கா ஒன்றைச் சொல்லுங்கள். எல்லோரும் ‘மெசோன் இக்கோகு’வைத்தான் சொல்கிறார்கள். முதல் இரண்டு தொகுதிகளைப் படித்துப் பார்த்தேன், கதை நகரவே இல்லை. இருவரும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்வதும் பிறகு சமாதானமாவதுமாகவே போகிறது. 15 தொகுதிகளையும் படிக்கத்தான் வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிக்க வேண்டும் என்பதே என் பதில். நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த மெதுவான நடையில்தான் நீங்கள் தேடும் பொருளும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டு பேர் காதலைச் சொல்லிக்கொள்ளத் தயங்குகிறார்கள் என்று மட்டும் இக்கதையைப் படித்தால், 15 தொகுதிகள் மிக அதிகம். மூன்று தொகுதிகளில் முடித்திருக்கலாம். ஆனால் இந்த இருவருக்கும் நிற்பதற்கே சொந்தமாக ஓர் இடம் இல்லை. அந்த இடம் அமையாமல் காதலைச் சொல்லியும் பயனில்லை. ஒருவர் சமூகத்தில் தனக்கொரு வேலையையும் பெயரையும் தேடிக்கொண்டிருக்கிறார். மற்றவர், கணவர் இறந்த பின் தான் யாருடைய வீட்டுப் பெண் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இருக்கிறார். இரண்டுமே ஆண்டுக்கணக்கில் தீராத சிக்கல்கள், ஆகவே கதையும் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மங்கா (ஜப்பானியப் படக்கதை) கலைஞர் ருமிகோ தகஹாஷி இதை 1980 இறுதியில் தொடங்கி 1987 ஏப்ரலில் முடித்தார். ஷோகாகுகான் நிறுவனம் இளைஞர்களுக்காகத் தொடங்கிய ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ என்ற இதழின் முதல் இதழிலிருந்தே இத்தொடர் இடம்பெற்றது. அப்போது அவருக்கு வயது 23. அதே காலத்தில் சிறுவர் வார இதழ் ஒன்றில், பூமிக்கு வந்த வேற்றுக்கிரகப் பெண்ணைப் பற்றிய ‘உருசேய் யாத்சுரா’ என்ற நகைச்சுவைத் தொடரையும் அவர் வரைந்துகொண்டிருந்தார். அந்தத் தொடரில் எத்தனை கோடைகள் வந்து போனாலும் மாணவர்கள் அதே வகுப்பில்தான் இருப்பார்கள், யாருக்கும் வயது ஏறுவதில்லை. மெசோன் இக்கோகுவில் அதற்கு நேர்மாறாகக் காலம் உண்மையாகவே ஓடுகிறது. இதழ் வெளிவந்த பருவமே கதைக்குள்ளும் பருவமாக இருந்தது. புத்தாண்டு வந்தால் கதையிலும் புத்தாண்டு, செர்ரிப் பூக்கும் காலத்தில் அங்கும் செர்ரிப் பூ. ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் தொடர் ஓடியது, பாத்திரங்களும் ஏறத்தாழ அவ்வளவு ஆண்டுகள் மூத்தார்கள். இளைஞர்களுக்கான இதழ் என்பதையும் மறந்துவிட வேண்டாம். தேர்வு, வேலை, வாடகை என்று கதாநாயகனைப் போலவே அல்லாடிக்கொண்டிருந்தவர்கள்தான் அதன் முதல் வாசகர்கள்.

கதை நடக்கும் இடம் இக்கோகு விடுதி என்ற பழைய மரக்கட்டடம். உச்சியில் ஒரு கடிகாரம் இருக்கிறது, ஆனால் அது ஓடுவதில்லை. தரைப்பலகைகள் கிறீச்சிடும், மழை பெய்தால் கூரை ஒழுகும். அறைகளில் குளியலறை கிடையாது, எல்லோரும் தெருவிலுள்ள பொதுக் குளியல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். தொலைபேசி முழு விடுதிக்கும் ஒன்றுதான், அதில் யாருக்கு அழைப்பு வந்தாலும் மற்றவர் காதில் விழாமல் போகாது. 1980களின் ஜப்பான் என்றதும் நம் நினைவுக்கு வருவது வானளாவிய கட்டடங்களும் மின்னணுப் பொருள்களும்தான். அந்த வளம் தொடாமல் விட்டுப்போன கட்டடங்களும் அதே டோக்கியோவில் ஏராளமாக இருந்தன. மாணவர்களும் சிறுசம்பளக்காரர்களும் அவற்றில்தான் தங்கினார்கள். தவறான புரிதல்கள் அதிகம் என்று சொன்னீர்கள் அல்லவா, அவற்றில் பாதிக்குக் காரணம் இந்தக் கட்டடமேதான். சுவர்கள் மெல்லியவை, இருக்கும் ஒரே தொலைபேசியை எடுப்பவர் செய்தியைச் சரியாகச் சொல்வார் என்று நம்ப முடியாது, வெளியில் சந்திக்க வேண்டியவர் வராவிட்டால் ஏனென்று கேட்க வழியில்லை. கைப்பேசியோடு வளர்ந்த வாசகருக்கு இது வலிந்து செய்த திருப்பமாகத் தோன்றலாம். அக்காலத்தில் அந்த வாடகையில் வாழ்ந்தவர்களுக்கு அன்றாடம் அப்படித்தான் இருந்தது.

5-ஆம் எண் அறையில் இருப்பவர் யூசாகு கோதாய். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, அடுத்த தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருப்பவர். ஜப்பானில் இந்த நிலையிலுள்ள இளைஞரை, தலைவனை இழந்து அலைந்த பழைய காலத்துச் சாமுராயைக் குறிக்கும் ‘ரோனின்’ என்ற பெயராலேயே அழைக்கிறார்கள். பள்ளியும் இல்லை, கல்லூரியும் இல்லை, வேலையும் இல்லை. அவர் அறைதான் விடுதிவாசிகள் எல்லோரும் கூடிக் குடிக்கும் இடம். 1-ஆம் அறையிலிருக்கும் இச்சினோசே அம்மாள் மதுக் குப்பியும் விசிறியுமாக வந்து ஆடுவார். 6-ஆம் அறையிலிருக்கும், மதுக்கடையில் வேலை செய்யும் அக்கேமி, பெரும்பாலும் உள்ளாடையோடே வந்து உட்கார்ந்துவிடுவார். 4-ஆம் அறையிலிருக்கும் யோத்சுயா என்ன தொழில் செய்கிறார் என்பது கதை முடியும்வரை யாருக்கும் தெரியாது. இரு அறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் ஓட்டை போட்டு, அதன் வழியாகவே உள்ளே வந்து கோதாயின் உணவைத் தின்றுவிட்டுப் போவார். இந்தத் தொல்லை தாங்காமல், ‘இனி இங்கே இருக்க மாட்டேன்’ என்று கோதாய் கிளம்பும் வேளையில்தான் விடுதியின் புதிய பராமரிப்புப் பொறுப்பாளராகக் கியோகோ ஒத்தோனாஷி என்ற இளம்பெண் வாசலில் வந்து நிற்கிறார். கோதாய் தங்கிவிடுகிறார். கதை தொடங்கும் புள்ளியே ஒருவர் போக நினைத்த இடத்தில் இன்னொருவர் வந்து சேர்வது என்பதைக் கவனியுங்கள்.

கியோகோவின் நிலைமைதான் இந்த மங்காவின் உயிர் என்பது என் கருத்து. அவர் கோதாயைவிட இரண்டு வயது மூத்தவர். பள்ளியில் தனக்குப் பாடம் எடுத்த சோய்ச்சிரோ என்ற ஆசிரியரை, பெற்றோரின் எதிர்ப்பை மீறி, பள்ளி முடித்த கையோடு மணந்துகொண்டவர். திருமணமாகி அரையாண்டுகூட ஆகாத நிலையில் கணவர் இறந்துபோகிறார். மாமனார் நல்ல மனிதர். விடுதி அவருடையதுதான், மருமகள் துக்கத்தில் மூழ்கிவிடாமல் இருக்க ஏதேனும் வேலை வேண்டும் என்று அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கிறார். இளம்வயதில் இப்படியே இருந்துவிடாதே, வேறு வாழ்க்கை அமைத்துக்கொள் என்று சொல்பவரும் அவர்தான்.

இங்கே ஜப்பானியக் குடும்பச் சட்டம் சற்றுத் தெரிந்தால் கதை இன்னும் ஆழமாகப் புரியும். அங்கே கோசேகி எனப்படும் குடும்பப் பதிவேடு உண்டு. திருமணமானதும் தம்பதியர் ஒரே பதிவேட்டில், ஒரே குடும்பப் பெயரில் வருவார்கள். பெரும்பாலும் அது கணவரின் பெயராகவே இருக்கும். கணவர் இறந்தாலும் மனைவியின் பெயர் தானாக மாறிவிடாது. விரும்பினால் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பலாம், கணவர் வீட்டாரோடு உள்ள உறவையும் முறித்துக்கொள்வதாகத் தெரிவிக்கலாம். இரண்டையும் அவரே முறைப்படி தெரிவிக்க வேண்டும். ஆகவே கியோகோ ஒத்தோனாஷி என்ற பெயரோடு இருப்பது, அவர் ஒவ்வொரு நாளும் மறுபடி எடுக்கும் முடிவாக ஆகிவிடுகிறது. அந்தப் பெயரை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடு என்கிறார் தந்தை. சரியான இடத்தில் மறுமணம் செய்துகொள் என்கிறார் தாய். இறந்தவரின் வீடும் பிறந்த வீடும் இருபுறமும் இருக்க, இரண்டிலுமே முழுதாகச் சேராமல், விடுதியின் கீழ்த்தளத்திலிருக்கும் பொறுப்பாளர் அறையில் அவர் வாழ்கிறார்.

அங்கே அவர் செய்வதை உற்றுப் பாருங்கள். கோழிக்குஞ்சுப் படம் போட்ட மேலங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு, மூங்கில் துடைப்பத்தால் வாசலைப் பெருக்குகிறார். எத்தனை அத்தியாயங்கள் இந்தக் காட்சியில் தொடங்குகின்றன அல்லது இதில் வந்து முடிகின்றன என்று படிக்கும்போதே தெரிந்துவிடும். கோதாய் வெளியே போகும்போதும் அவர் அங்கே இருப்பார், திரும்பும்போதும் இருப்பார். ‘போய் வாருங்கள்’, ‘வந்துவிட்டீர்களா’ என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் பல நாட்களில் எதுவும் நடக்காது. கூரையில் ஏறி ஓடு மாற்றுவார், விளக்கு எரியாவிட்டால் பார்ப்பார். தகஹாஷி இந்த வேலைகளைப் பின்னணி அலங்காரமாக வரையவில்லை. பதிவேட்டில் எந்தப் பெயர் இருந்தாலும், பெற்றோர் எங்கே கூப்பிட்டாலும், ஒரு பெண் தினமும் தன் கையால் பெருக்கிப் பழுதுபார்க்கும் வீடு மெல்ல மெல்ல அவருடையதாகிவிடுகிறது. அதற்கு அவர் யாரிடமும் உரிமை கேட்கவில்லை.

கியோகோ தன்னோடு ஒரு வெள்ளை நாயைக் கூட்டிவருகிறார். அதன் பெயர் சோய்ச்சிரோ. கணவர் உயிரோடிருந்த காலத்தில் அவர் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட தெருநாய் அது. வேறு பெயர் வைத்துப் பார்த்தும் அது திரும்பவில்லை. கியோகோ கணவரை ‘சோய்ச்சிரோ-சான்’ என்று கூப்பிடும்போது மட்டும் திரும்பியதால் அந்தப் பெயரே அதற்கு நின்றுவிட்டது. தொடக்கத்தில் வேடிக்கையாகத் தோன்றும் இந்த விவரம், கியோகோ முற்றத்தில் நின்று நாயைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் இறந்தவரின் பெயர் அந்த வீட்டில் ஒலிக்கிறது என்பது உறைக்கும்போது வேறு எடை பெற்றுவிடுகிறது. அதேசமயம் சோய்ச்சிரோவின் முகத்தை மட்டும் நமக்குக் கடைசிவரை காட்டுவதில்லை. பழைய நினைவுகளில் வந்தாலும், புகைப்படத்தில் இருந்தாலும், முகம் நிழலில் இருக்கும். கோதாய் போட்டியிட வேண்டியவர் முகமே இல்லாத ஒருவர். அவரை வெல்ல முடியாது, குறை சொல்லவும் முடியாது. ஒரு மங்காவால் மட்டுமே இவ்வளவு எளிதாகச் செய்யக்கூடிய கதைசொல்லல் உத்தி இது என்று எண்ணுகிறேன். நாவலில் முகத்தை வர்ணிக்காமல் விட்டால் நாம் கவனிக்கவே மாட்டோம். இங்கே ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நிழல் கண்ணில் படுகிறது.

கோதாயின் பக்கம் வருவோம். அவர் ஒருவழியாகத் தேர்வில் தேறி, பெயர்பெறாத பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்கிறார். ஆசிரியப் பயிற்சிக்காகக் கியோகோ படித்த பள்ளிக்கே போகிறார். அங்கே யாகாமி என்ற மாணவி அவரை விரும்பத் தொடங்க, ஒரு காலத்தில் ஆசிரியரை விரும்பிய தன்னையே கியோகோ எதிரில் பார்க்க வேண்டியிருக்கிறது. படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலையும், அந்த நிறுவனம் திவாலானதால் கைநழுவிப் போகிறது. மாணவனாக இருந்தபோது பகுதிநேர உதவியாளராகச் சென்ற குழந்தைகள் காப்பகத்துக்கே திரும்பிப் போகிறார். ஆள் குறைக்கும்போது அதுவும் போகிறது. பிறகு இரவுநேரக் கேளிக்கைக் கூடமொன்றில் வாசலில் நின்று ஆள் பிடிக்கும் வேலை. அதைக் கியோகோவிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறார். அங்கே வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மெல்ல அவர்மேல் விழுகிறது. அந்தப் பின்கட்டு அறையில், வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்த இடத்தில்தான், தனக்கு எது நன்றாக வருகிறது என்பது அவருக்குத் தெரிகிறது. குழந்தைகள் பராமரிப்பாளருக்கான தகுதித் தேர்வு எழுத முடிவெடுக்கிறார்.

1980களின் ஜப்பானில் ஓர் ஆண் அந்த வேலையைத் தேர்ந்தெடுப்பது அரிது. பெரிய நிறுவனத்தில் சேர்ந்து, வாழ்நாள் முழுதும் அங்கேயே இருந்து, குடும்பத்தைக் காப்பாற்றுவதுதான் ஓர் ஆணுக்குரிய இடம் என்று ஊரே சொன்ன காலம் அது. தகஹாஷி தன் கதாநாயகனுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. அவருக்கு வெற்றியென்று கிடைப்பது சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பொம்மலாட்டம் காட்டும் வேலை. ஊர் வகுத்த ஆண்மையின் அளவுகோலைத் தகஹாஷி கேலி செய்யவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. அந்த அளவுகோலில் தேறாத ஒருவரைக் கையில் எடுத்து, அவருக்குப் பொருந்தும் வேலையை ஆறு ஆண்டுகள் பொறுமையாகத் தேடித் தருகிறார். கோதாய் கியோகோவிடம் திருமணம் பற்றிப் பேசாமல் தள்ளிப்போடும்போது வாசகர்கள் எரிச்சலடைவார்கள். தனக்கே நிற்க இடமில்லாதபோது இன்னொருவரை எங்கே அழைப்பது என்ற கூச்சம்தான் அவரைத் தடுக்கிறது. கோழைத்தனமென்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

கியோகோவை மணக்க விரும்பும் மித்தாகாவை இதற்கு எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் டென்னிஸ் பயிற்சியாளர், செல்வக் குடும்பம், அழகர், பண்பானவர். கியோகோவை உண்மையாகவே நேசிக்கிறார். நாயென்றால் நடுங்கும் தன் அச்சத்தைக்கூட அவருக்காக வெல்ல முயல்கிறார். தகஹாஷி அவரை வில்லனாக்கவில்லை. அவரைக் கேலிக்குரியவராக்கும் காட்சிகள் பல இருந்தாலும், கீழான மனிதராக எங்கும் காட்டவில்லை. அவரிடம் உள்ள ஒரே குறை, அவர் கியோகோவுக்குத் தர விரும்பும் இடம் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டது என்பதுதான். அங்கே போனால் கியோகோ பெருக்குவதற்கு வாசலில்லை, ஒழுகும் கூரையில்லை, இச்சினோசே அம்மாளின் இரைச்சலில்லை. வசதியான மனைவியாக அவர் அங்கே வரவேற்கப்படுவார். ஆனால் விடுதியை விட்டுவிட்டுத்தான் போக முடியும். கியோகோவின் தாய் இதைத்தான் விரும்புகிறார், மகளின் நன்மைக்காகவே விரும்புகிறார். கியோகோ ஏன் தயங்கிக்கொண்டே இருக்கிறார் என்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கதையின் பிற்பகுதியில் ஒரு கட்டம் வருகிறது. கோதாய்க்கும் அக்கேமிக்கும் இடையே ஏதோ நடந்துவிட்டதென்று தவறாக நம்பிய கியோகோ, கோபத்தில் விடுதியை விட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறார். கோதாய் தேர்வுக்குப் படிப்பதை ஒருபுறம் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குத் திரும்பத் திரும்ப நடக்கிறார். விடுதி அலங்கோலமாகிறது. அதுவரை கோதாயைத் தொல்லை செய்வதையே தொழிலாக வைத்திருந்த அந்தக் குடிகாரக் கூட்டமும் கியோகோவைத் திரும்பக் கூட்டிவரக் கிளம்புகிறது. அக்கேமி அவரிடம் பேசும் பேச்சு இந்த மங்காவிலேயே மிகக் கூர்மையானது: உன் கையைக்கூடத் தொட நீ விடாத ஓர் ஆளுக்காக அழுது கத்துகிறாயே, உன்னைப் போன்ற தொல்லைபிடித்த பெண்ணிடமிருந்து அவரைப் பறிக்க எனக்கென்ன பைத்தியமா என்ற பொருளில் வெடுக்கென்று கேட்டுவிடுகிறார். இத்தனை ஆண்டுகள் கியோகோ தன்னிடமே ஒப்புக்கொள்ளாததை, மதுக்கடையில் வேலை செய்யும் பெண் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். உரிமையோடு திட்டுவதற்கு ஆட்கள் இருப்பதும் ஓர் இடத்தைச் சேர்ந்தவராக இருப்பதன் பகுதிதான். பிறந்த வீட்டில் எல்லோரும் கியோகோவிடம் கவனமாகப் பேசுகிறார்கள், விடுதியில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இனி முடிவைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை நிறைவாகச் சொல்ல முடியாது. கதையின் போக்கைத் தெரிந்துகொள்ள விரும்பாவிட்டால் இந்தப் பத்தியின் மீதியையும் அடுத்த இரண்டு பத்திகளையும் தாண்டிச் செல்லுங்கள். இருவரும் கடைசியில் சேரும்போது, ‘வெகுகாலமாகவே உங்களைப் பிடித்திருந்தது’ என்கிறார் கியோகோ. ‘எப்போதிலிருந்து?’ என்று கோதாய் கேட்க, ‘மறந்துவிட்டேன்’ என்று பதில் வருகிறது. நீங்கள் மெதுவாக நகர்கிறது என்று சொன்ன அத்தனை அத்தியாயங்களுக்கும் இதைவிட நேர்மையான விளக்கம் இருக்க முடியாது. காதல் தொடங்கிய கணம் என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை, ஏனெனில் அது பெருக்கிய வாசலிலும் பகிர்ந்த சாப்பாட்டிலும் கலந்தே வளர்ந்தது.

திருமணத்துக்கு முன் கியோகோ, சோய்ச்சிரோவின் நினைவுப் பொருள்களை மாமனாரிடம் திருப்பிக் கொடுக்க முடிவு செய்கிறார். செர்ரிப் பூக்கும் பருவத்தில் கோதாய் தனியாகச் சோய்ச்சிரோவின் கல்லறைக்குப் போகிறார். உங்களை முதல்நாளிலிருந்தே தன்னுள் வைத்திருந்த கியோகோவைத்தான் நான் விரும்பினேன், ஆகவே உங்களையும் சேர்த்தே அவரை ஏற்றுக்கொள்கிறேன் என்று அங்கே சொல்கிறார். பின்னால் வந்து நின்ற கியோகோவின் காதில் அது விழுகிறது. மறுமணக் கதைகளில் பொதுவாக இறந்தவர் விலகி வழிவிட வேண்டும் அல்லது மறக்கப்பட வேண்டும். இங்கே கோதாய் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்குகிறார். ஆறு ஆண்டுகள் முகமற்ற ஒருவரோடு மனத்துக்குள் போராடி, அவரை அப்புறப்படுத்தத் தேவையில்லை என்ற தெளிவுக்கு அவர் வந்து சேர்வதைப் படிக்கும்போது, அந்த ஆறு ஆண்டுகளில் ஒன்றைக்கூடக் குறைத்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றியது. கியோகோவும் ஒரே ஒரு வாக்குறுதிதான் கேட்டிருந்தார்: ஒரு நாளாவது என்னைவிடக் கூடுதலாக உயிரோடிருங்கள், இனி என்னால் தனியாக இருக்க முடியாது. அன்பின் அழகைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. ஒருமுறை வீடிழந்தவர் மறுபடி ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் கேட்க வேண்டிய கேள்வி அது.

அதன் பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் பாருங்கள். வேலை கிடைத்து, திருமணமும் முடிந்த தம்பதி நல்ல அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்வதுதான் அக்காலக் கனவு. இவர்களோ இக்கோகு விடுதியின் அந்தப் பொறுப்பாளர் அறையிலேயே தங்குகிறார்கள். பிறந்த பெண் குழந்தையையும் அங்கேயே கொண்டுவந்து, அம்மாவும் அப்பாவும் முதன்முதலில் சந்தித்த இடம் இது என்று சொல்கிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும், நீங்கள் அவற்றில் தடுக்கி நிற்கக்கூடும். கோதாயைத் தன் காதலன் என்று நம்பும் கோசுவே என்ற பெண்ணிடம் உண்மையைச் சொல்லாமல் கோதாய் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்த அநியாயம். கதை அதை அவர் பண்பின் மென்மையாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எட்டிப்பார்ப்பதையும் குடித்துவிட்டு அத்துமீறுவதையும் வேடிக்கையாக மட்டும் காட்டும் பக்கங்கள் இன்று சங்கடம் தருகின்றன. மித்தாகாவின் திருமணம் ஒரு தவறான புரிதலில் முடிவாவது, இத்தனை கவனமாகக் கட்டிய கதையில் மிக அவசரமாகச் செய்த ஏற்பாடு. ஏழாம் தொகுதியிலிருந்து பத்தாம் தொகுதிவரை ஒரே வகை நிகழ்ச்சிகள் திரும்ப வருகின்றன என்ற உங்கள் குற்றச்சாட்டு அங்கே நியாயமாகவே பொருந்தும். ஆனால் கோதாயின் பாட்டி யுகாரி ஊரிலிருந்து வந்து இறங்கும் அத்தியாயங்களைத் தவறவிடாதீர்கள். விடுதிவாசிகளையே குடியில் தோற்கடிக்கும் அந்த மூதாட்டி, பேரனின் மனத்தை அவனுக்கு முன்பே படித்துவிடுகிறார். திருமணத்துக்குக் கையில் காசில்லாமல் அவன் நிற்கும்போது கடன் கொடுத்துக் கைகொடுப்பவரும் அவரே.

எந்த வடிவத்தில் படிப்பது என்ற கேள்வியும் உங்களுக்கு எழும். ஆங்கிலத்தில் விஸ் மீடியா நிறுவனம் 2020 முதல் 10 பெரிய தொகுதிகளாக மறுபதிப்புச் செய்திருக்கிறது. 15 தொகுதிகளின் கதை முழுவதும் அதில் அடங்கும். 1986 மார்ச் முதல் 1988 மார்ச் வரை ஃபுஜி தொலைக்காட்சியில் வந்த 96 பகுதி அனிமேயும் (அசைவூட்டத் தொடர்) நல்லதே, குறிப்பாக மழைக்காட்சிகளிலும் மாலைநேரத் தெருக்களிலும் அதன் நிதானம் மனத்தில் நிற்கும். ஆனால் 2-ஆம் அறைக்கு இடையில் வந்து சேரும் நிக்காய்தோ என்ற இளைஞரை அனிமே முழுவதுமாக நீக்கிவிட்டது. வேறொரு விடுதிக்குப் போக வேண்டியவர் தவறுதலாக இங்கே வந்து தங்கிவிடுவதுதான் அவர் கதை. இடத்தைப் பற்றிய இந்தப் படைப்பில் அந்தப் பாத்திரத்துக்கு நியாயமான வேலை உண்டு. எனவே மங்காவை முதலில் படியுங்கள். ஏற்கெனவே இரண்டு தொகுதிகள் படித்திருப்பதால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. மூன்றாம் தொகுதியிலிருந்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயங்களுக்கு மேல் போகாமல் படித்துப் பாருங்கள். வாசகர்கள் இதழுக்கு இதழ் காத்திருந்து படிப்பதற்கென எழுதப்பட்ட தொடர் இது. ஒரே மூச்சில் படிக்கும்போது சலிப்பாகத் தெரியும் அதே பருவங்களும் அதே வாசலும், இடைவெளி விட்டுப் படிக்கும்போது பழகிய இடமாகிவிடும்.